இடப்பக்கம் இழுக்கும் வண்டி

வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த எல்லப்பனுக்கு வெளியே வர வழியில்லை. தலைமாட்டில் பட்டறைச் சுவர். கால்மாட்டில் தருமலிங்கத்தின் வெள்ளைச் செருப்பு. பட்டறை இருப்பதும் தருமலிங்கத்தின் மனையில்தான்.

"இன்னாடா, கண்டுபுட்ச்சியா? ஸ்டியரிங்க லேசா வுட்டா லெப்ட்டுல ஏரியப் பாத்து ஓடுதுடா."

"பாக்குறேன் தலைவரே."

காட்டூர் உழவர் எழுச்சிப் பேரவைக்குத் தருமலிங்கமே நிறுவனர், தலைவர், பொருளாளர். ஒரே உறுப்பினர் ஓட்டுநர் வினோத். தலைவர் எப்போதும் முன்சீட்டில் இடப்பக்கம்தான் உட்காருவார். காட்டூரிலிருந்து பழவேற்காடு வரை, கும்பிடாத ஆட்டுக்கும் பதில் கும்பிடு போட்டபடி, நூற்றிருபது கிலோவில் பாதியை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுப் போவார்.

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எல்லப்பன் விரல் வைத்துப் பார்த்தான். வலப்பக்கம் நாலு விரல். இடப்பக்கம் ஒன்றரை. டயர், பால் ஜாயின்ட் எல்லாம் மாற்றியாயிற்று. இடது ஸ்ப்ரிங் மட்டும் இரண்டு முறை. பொன்னேரியில் அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. கண்ணேறு என்று பூசணிக்காய் உடைத்ததில் விதை இன்னும் மட்கார்டில் ஒட்டியிருந்தது.

கோளாறு எதுவென்று அவனுக்குத் தெரியும். அது வெள்ளைச் செருப்புப் போட்டு எதிரில் நின்றது. பேரவைப் பலகையில் 'தலைவர்' என்ற சொல்லைச் சின்னதாக எழுதிவிட்ட பக்கத்துக்கடை பெயின்டர் மாணிக்கத்தின் இடத்தில் இப்போது தலைவரின் மாடு நிற்கிறது.

"நாளன்னிக்கு திருப்பாலைவனம் கோயில் விழா. வண்டி நேரா போவலன்னா நீ கடையக் காலி பண்ணிடு."

எல்லப்பன் ஒருவழியாக ஊர்ந்து வெளியே வந்தான்.

"தலைவரே, வலது ஸ்ப்ரிங்குக்கு வேலையே இல்ல. அதான் இடது மட்டும் அமுங்கிப் போவுது. கொஞ்ச நாளு ரைட்டு சைடு உக்காந்தா சரியாயிடும். பெரிய ஆளுங்கல்லாம் டிரைவருக்குப் பின்னாடிதான் உக்கார்றாங்க."

"பின்னாடி கறுப்புக் கண்ணாடிடா. எவன் என்னப் பாப்பான்?" தருமலிங்கம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "வினோத்து, எறங்கு. இனிமே நானே ஓட்டுறேன்."

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா தலைவரே?"

"தெரியாது. நீ சொல்லிக்குடு எல்லப்பா. ஏறு."

ஸ்டியரிங் முன் உட்கார்ந்திருந்த வினோத் இறங்கிய வேகத்தில் அவன் செருப்பு ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது.

இடப்பக்கச் சீட்டு தலைவரின் அளவுக்குக் குழிந்திருந்தது. எல்லப்பன் அதற்குள் உட்கார, முழங்கால் முகவாயில் இடித்தது. கதவை உள்ளிருந்து திறக்கும் பிடி எப்போதோ பிய்ந்துபோயிருந்தது. தலைவருக்குக் கதவைத் திறந்துவிட வெளியே எப்போதும் ஆள் இருந்ததால் யாரும் அதைச் சொன்னதில்லை. மூன்று முறை அணைந்த வண்டி நாலாம் முறை கிளம்பிற்று.

"தலைவரே, ரோட்டப் பாருங்க!"

தருமலிங்கம் எதிரே மீன்கூடையோடு வந்த ரோஸ்மேரியைப் பார்த்தார். பார்த்ததும் வழக்கம்போல இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

வண்டி இம்மியும் இடப்பக்கம் சாயவில்லை.

"பாத்தியாடா எல்லப்பா! எப்படி நேரா போவுது பாரு!"

நேராகத்தான் போயிற்று. சாலைதான் வலப்பக்கம் திரும்பிவிட்டது.