அவசரக்காரரின் பழமொழிகள்

எதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பவர் அந்த லிஃப்ட் மெக்கானிக். அதையெல்லாம் கேட்டு வளர்ந்த அவர் மகளுக்கு இன்று பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்தை அப்பாதான் போட வேண்டும். அவள் அவரிடம் கேட்டது அது ஒன்றுதான்.

புதுச் சட்டையோடு கிளம்பியவரை வழியில் ஓர் அடுக்குமாடிக் காவலாளி மடக்கினார். மேல்மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டதாம்.

லிஃப்ட் கதவு மூடியதும் இரண்டு செம்புத் தகடுகள் ஒன்றையொன்று தொட வேண்டும். தொட்டால்தான் மோட்டாருக்கு மின்சாரம். விலகினால், திறந்த கதவோடு ஓடிவிடாதபடி பெட்டி நின்றுவிடும். தகட்டைப் பிடித்திருந்த இரண்டு திருகுகளும் ஆடின. மெக்கானிக் ஒன்றை முடுக்கினார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னொண்ணு இருக்கே அண்ணே?"

"சாயங்காலம் வந்து பாத்துக்கறேன்."

படியிறங்கப் பொறுமையில்லாமல் அதே லிஃப்டில் ஏறினார். அரைகுறை வேலையைப் பற்றி அவரிடம் அருமையான பழமொழி ஒன்று உண்டு. இரண்டு மாடிகளுக்கு நடுவே பெட்டி நின்றபோதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது.

"யோவ்! மேல போய்க் கையால சுத்துய்யா!"

அவரே காவலாளிக்குக் கற்றுக்கொடுத்த வேலைதான். மொட்டைமாடியிலுள்ள மோட்டார் அறையில் மெயினை அணைத்து, பிரேக்கை நெம்பிப் பிடித்துக்கொண்டு, மோட்டார்ச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். நடுவில் பல்சக்கரங்கள் இருப்பதால், சக்கரம் பல சுற்று சுற்றினால்தான் பெட்டி ஒரு சாண் நகரும். கம்பிவடத்தில் பூசிய மஞ்சள் கோடு, தளம் வந்துவிட்டதைக் காட்டும்.

காவலாளி ஆற அமரச் சுற்றினார்.

"சீக்கிரம்யா! பொண்ணு காத்துக்கிட்டிருக்கா!"

"அவசரத்தைப் பத்தி ஒரு பழமொழி சொல்வீங்களே அண்ணே, அதை நெனச்சுக்கிட்டேதான் சுத்துறேன்."

"அதெல்லாம் அடுத்தவங்களுக்குச் சொல்றதுய்யா!"

வியர்வையும் கிரீஸுமாக அவர் போய்ச் சேர்ந்தபோது, பதிவாளர் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சாட்சிக் கையெழுத்தை மச்சினன் போட்டு முடித்திருந்தான்.

"வாங்க மச்சான்! லேட்டா வர்றவங்களைப் பத்தி எனக்கு ஒண்ணு சொல்வீங்களே, எடுத்து விடட்டுமா?"

மகளின் கண்கள் சிவந்திருந்தன. மெக்கானிக் வாயைத் திறந்தார்.

"பழமொழி ஏதாவது சொன்னீங்க..." என்று விரலை நீட்டினாள் மகள். பிறகு அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "சாட்சியாத்தான் இல்ல. அப்பாவாகவாவது வந்து நில்லுங்க."

நின்றார். வாயை மூடிக்கொள்ளும்படி போட்டோக்காரர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.