சுவர் சொன்ன ஹலோ

...கருத்து இல்லை என்கிறவர்கள்தான் அதிக நேரம் பேசுகிறார்கள், அது ஏன், ஊரடங்கை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டதற்கு ஒரு பெரியவர் மாடிவீட்டுக்காரர் தும்முகிற விதத்தைத் தும்மியே காட்டினார், அதை எந்தக் கட்டத்தில் போடுவது, ஆதரிக்கிறேன், எதிர்க்கிறேன், கருத்து இல்லை, தும்மலுக்குக் கட்டம் இல்லை... கல்லூரியை மூடியதால் கிடைத்த வேலை, வீட்டிலிருந்தபடியே போனில் மக்கள் கருத்தைச் சேகரிக்கிறேன், எண்ணைக் கணினியே போட்டுக்கொள்ளும், யாருக்குப் போகிறதென்று எனக்குக் காட்டாது, தொண்டையைக் கனமாக்கி வணக்கம் சார் என்பது மட்டும் என் பொறுப்பு, பாதியில் துண்டித்தால் டீம் லீடர் அக்கா என்னைத் துண்டித்துவிடுவார். நாளை கடைகளைத் திறக்கலாமாம், அதனால் இன்று கேள்வியே மாறிவிட்டது, தளர்வை வரவேற்கிறீர்களா, இதை அப்பாவிடம் கேட்டால் மேளமே வைப்பார், சலூன் ஷட்டரை இறக்கிய நாளிலிருந்து அரசாங்கத்தைத் திட்டாமல் அவருக்குச் சோறு இறங்குவதில்லை, மத்தியானம்கூட, “விடியட்டும்டா, தெருவுல முதல் ஷட்டர் நம்மளோடதுதான், நீ வந்து கூட்டிப் பெருக்கு” என்றார், “முதல்ல உங்க தலையை வெட்டிக்கங்க, காடு மாதிரி இருக்கு” என்றாள் அம்மா, அவர் ஏன் சிரிக்கவில்லை, வழக்கமாகச் சிரிப்பாரே...

ஹலோ. முதலில் பக்கத்து அறைச் சுவர் சொன்னது, பிறகு ஹெட்போன் சொன்னது, இரண்டும் அப்பா, துண்டிக்கவும் முடியாது, அப்பா என்று சொல்லவும் முடியாது, எல்லாம் பதிவாகிறது, குரலை இன்னும் கனமாக்கினேன், தளர்வை வரவேற்கிறீங்களா சார், பெற்றவரைச் சார் என்கிறேன், அவரும் என்னைச் சார் என்கிறார், “வேணாம் சார், இன்னும் கொஞ்ச நாள் மூடியே வைக்கச் சொல்லுங்க.” தவறாகக் கேட்டுவிட்டேனோ... இல்லை, இப்போது சுவரில் ஒன்றும் கேட்கவில்லை, வீட்டுக்குக் கேட்கக்கூடாதென்று குரலைத் தாழ்த்திவிட்டார், வேற்று ஆளுக்கு மட்டும் கேட்கிறது, அந்த வேற்று ஆள் நான். “முடி வெட்டறவன் சார் நான், ஒவ்வொரு மூக்குக்கும் பக்கத்துல போய் நிக்கணும். மூடி வச்சா திட்டிக்கிட்டே வீட்ல இருந்துடலாம். திறந்து விட்டா பயந்துக்கிட்டுல்ல இருக்கணும், வீட்ல என்னன்னு சொல்றது?” அப்போ ஆதரிக்கிறீங்களா எதிர்க்கிறீங்களா சார் என்றேன், வேறென்ன கேட்பது, பயிற்சியில் அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார்கள், “நீங்களே பார்த்துப் போட்டுக்கங்க” என்றவர், வைக்கும் முன், “தண்ணி குடிங்க சார், தொண்டை கட்டின மாதிரி இருக்கு” என்றார். இதை எல்லோரிடமும் சொல்வாரா, நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் இப்படித்தான் பேசுவார், என்றாலும்...

திரை காத்திருக்கிறது, மூன்று கட்டம், ஒரு அப்பா, எதை அழுத்துவது, அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார், எத்தனை பேருடா இன்னிக்கு என்று கேட்கவில்லை, தினமும் கேட்பார், “கடைச் சாவி எங்கடா?” சாவி எப்போதும் தொங்குகிற ஆணியில்தான் தொங்குகிறது, என் தலைக்கு மேலே, அவர் அதைத்தான் பார்க்கிறார், அல்லது என் தலையைப் பார்க்கிறாரா, என் தலையும் காடாகத்தான் இருக்கிறது... “தெரியலப்பா” என்றது வாய், “தொலைஞ்சிருச்சு போல.” ஆணியிலிருந்து கண்ணை இறக்கி, “பொறுப்புன்னு ஒண்ணு இருக்காடா உனக்கு, நாளைக்குக் கடை திறக்கணும்னு ஒருத்தன் கிடந்து துடிக்கிறான், இவனுக்கு சாவி எங்கன்னு தெரியாதாம், நல்லா இருக்குடா” என்று ஆரம்பித்தார், அதே ராகம், அரசாங்கத்தைத் திட்டுகிற அதே ராகம், அரசாங்கம் இருந்த இடத்தில் என்னை வைத்திருந்தார், அவ்வளவுதான், திட்டத் திட்ட முகம் தெளிந்தது, தேடிப் பார் என்று மட்டும் சொல்லவில்லை. ஹெட்போனில் அடுத்த ஹலோ கேட்கிறது, நான் சுவரோடு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து சாவியைத் தலையால் மறைத்துக்கொள்கிறேன், சரி, தொலைந்தது என்று அறிவித்தாகிவிட்டது, இது எதுவரைக்கும் தொலைந்திருக்கும், அதையும் நான்தான் அறிவிக்க வேண்டுமா...