இரண்டுக்கு ஒன்று

மொட்டைமாடியில் வெயிலில் வைத்த கண்ணாடித் தொட்டிக்குள், உள்ளங்கை அகலக் கறுப்புத் தகடு ஒன்று நுரைத்துத் தள்ளியது. மின் இணைப்பு கிடையாது, வெயிலும் தண்ணீரும்தான். வெயிலைக்கொண்டு தண்ணீரைப் பிளக்கிற, இலை செய்யும் வேலையைத் தகடு செய்யவேண்டும் என்று அந்த ஆய்வுக்கூடம் ஆறு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. பேராசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளிக்கிழமை பார்வையாளர்களை வரச்சொல்லிவிட்டார்.

தகட்டைச் செய்தவளுக்கு மட்டும் ஏதோ நெருடியது. தண்ணீர் பிளந்தால் இரண்டு பங்கு ஹைட்ரஜனுக்கு ஒரு பங்கு ஆக்ஸிஜன் வரவேண்டும். ஹைட்ரஜன் சேரும் குழாய் நிறைந்திருக்க, ஆக்ஸிஜன் குழாயில் பேருக்குத்தான் இருந்தது. கசிவோ என்று புதன்கிழமை முழுக்க மூடிகளை மாற்றிப் பார்த்தாள். கசிவில்லை. கடைசியில் தகட்டை உலர்த்தி எடைபோட்டாள். எடை குறைந்திருந்தது.

அவள் கணவன் பஸ் ஓட்டுபவன். சாப்பிடும்போது அவள் விஷயத்தைச் சொன்னதும் கேட்டான்: “வேற யாருக்கும் தெரியாதுல்ல?”

“எனக்குத் தெரியுமே.”

“அப்ப போய்ச் சொல்லிடு. நான் தினமும் நாப்பது பேர்கிட்ட திட்டு வாங்கறேன். நல்லாத்தானே இருக்கேன்?”

காலையில் பேராசிரியர் முன்னால் போய் நின்றாள். “சார், தண்ணி தானா உடையல. தகடு கரைஞ்சுதான் ஹைட்ரஜன் வருது.”

அவர் முகம் சுண்டிப்போனது. போனை எடுத்து, “தப்பு எங்களோடது, இப்ப வரவேண்டாம்” என்று பார்வையாளர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். “எவ்வளவு கரைஞ்சிருக்கு? காட்டு.”

தகட்டுக்கு மேல்பூச்சு போட்டார்கள். தடித்தால் வெளிச்சம் நுழையவில்லை. மெலிந்தால் பழையபடி கரைந்தது. நான்கு மாதம் இதே கதை.

ஒரு திங்கட்கிழமை, இரண்டுக்கும் நடுவான பூச்சு போட்ட தகட்டைத் தொட்டியில் இறக்கினாள். மதியம், ‘நெட்டை’ என்று எல்லாரும் கூப்பிடும், ஆய்வுக்கூடக் கருவிகளைப் பராமரிப்பவர் தொட்டியை எட்டிப்பார்த்தார். “என்னம்மா இது, ஏப்பம் விடற மாதிரி ஒண்ணொண்ணா வருது?”

அவள் குழாய்களின் அளவைப் படித்தாள். ஹைட்ரஜன் பன்னிரண்டு மில்லி. ஆக்ஸிஜன் ஆறு. தகட்டை எடைபோட்டாள்; இம்மியும் குறையவில்லை. இன்னொரு முறை போட்டாள்.

பேராசிரியர் மூச்சு வாங்க மாடியேறி வந்து, தானே அளவு பார்த்தார். “ரொம்பக் கம்மி.”

“கம்மிதான் சார். ஆனா தகடு கரையாம, தண்ணி உடைஞ்சு வந்தது.”

அவர் வெயிலென்றும் பாராமல் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சிரித்தார். “நாளைக்கும் ஓடுதான்னு பாப்போம்.”

ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் பேராசிரியரே பெரிய தொட்டி கேட்டு எழுதிக்கொடுத்தார்.