ஒற்றை முட்செடி

டிராக்டர் சத்தம் கேட்டதும் டெல்மிரா சூப் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள். கணவனின் தம்பி வில்மர் வேலியோரத்து முட்செடிகளை வெட்டி முடித்திருந்தான். பூ பஞ்சாகி விதை பறந்து தன் நிலத்தில் விழுந்தால் பக்கத்துப் பண்ணைக்காரர் சண்டைக்கு வருவார். வருடாவருடம் நவம்பரில், அந்தத் தென்தேசத்து வசந்தத்தில், வெட்டுவதுதான். ஆனால் இந்த வசந்தத்தில் அந்தப் புதரில் மஞ்சள்மார்பன் குருவிகள் கூடு கட்டியிருந்தன. பக்கவாதத்தில் விழுந்த அவள் கணவர் அன்செல்மோவுக்குச் சன்னலில் மிச்சமிருந்த உலகம் அதுதான். பெற்றவை மட்டுமல்லாமல் கூட்டத்தின் மற்ற பறவைகளும் மாறி மாறி இரை கொண்டுவருவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"கூடு இருக்குன்னு சொன்னேனே, தம்பி!"

"அதான் விட்டுட்டேனே, அண்ணி. பாருங்க."

மொட்டைத் தரையில் ஒரே ஒரு செடி நின்றது. அதன் நடுவில் கூடு, சாலையிலிருந்தே தெரிந்தது.

"ஊருக்கே போஸ்டர் ஒட்டின மாதிரி இருக்கு."

வேலிக்கம்பத்தில் ஒரு பருந்து வந்து உட்கார்ந்தது. வில்மர் தொப்பியை வீசினான். அது அடுத்த கம்பத்துக்கு மாறியது, அவ்வளவுதான்.

"நீ கிளம்புற வரைக்கும் காத்திருக்கும். உன்னை மாதிரி அதுக்கு அவசரமில்லை."

அவன் தலையைச் சொறிந்தான். "டவுன் முதியோர் இல்லத்துல ஒரு படுக்கை காலியாம், அண்ணி. நீங்க சரின்னா அண்ணனை இந்த வாரமே கொண்டுபோயிடலாம். உங்க முகத்தைக் கண்ணாடில பாத்தீங்களா?"

விடியற்காலையில் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தபோது அவளும் அந்த இல்லத்தைத்தான் நினைத்தாள். வேண்டாம் என்று சொல்லவும் இப்போது தெம்பில்லை. சமையலறை நாற்காலியை இழுத்துவந்து செடியருகே போட்டாள்.

"உள்ள போ. சூப் ஆறிடும், அவருக்கு ஊட்டு. கரண்டிய வாயில வலப்பக்கமா வை, இடப்பக்கம் வழிஞ்சிடும்."

"நானா?"

"பின்ன, அந்தப் பருந்தா?"

அவன் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். அவள் உட்கார்ந்தாள். குளிர்காலத்துக்குப் பிறகு பகலில் இப்படி உட்கார்ந்ததே இல்லை. கால்கள் தாமாகவே நீண்டன.

மஞ்சள்மார்பன்கள் வேலிக்கம்பியில் வரிசையாக நின்றன. அலகில் புழு, இறங்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் பயம். எழுந்துபோனால் பருந்து வரும். இருந்தால் குஞ்சுகள் பட்டினி.

சன்னலில் வில்மரின் குனிந்த முதுகு தெரிந்தது. அவன் தோளுக்கு மேலாக அன்செல்மோவின் கண்கள் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டாள். ஒரு பறவை கீழ்க்கம்பிக்கு இறங்கியது. பருந்தும் தலையைத் திருப்பியது.