வாய் மூடிய நடை

அம்மாவின் விரலில் கிளிப்பை மாட்டிவிட்டு, நடைச் சோதனை எடுக்கும் அக்கா என்னைத்தான் பார்த்தாள். காலையில் அம்மா பாதித் தாழ்வாரத்தோடு நின்றுவிட்டதற்கு நான்தான் பொறுப்பு என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

இதயமும் நுரையீரலும் மட்டும் பார்க்கும் ஆஸ்பத்திரி அது. அம்மாவின் நுரையீரலில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு மிச்சமிருப்பது தாங்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த நடை. போதும் என்று சொல்லும்வரை தாழ்வாரத்தில் போய்த் திரும்ப வேண்டும். கிளிப்பில் தெரியும் ஆக்சிஜன் எண் இறங்கிவிட்டால் ஆபரேஷன் கிடையாது.

காலையில் அந்த எண்ணை இறக்கியது அம்மாவின் வாய். வந்து ஒரு வாரத்துக்குள் தாழ்வாரத்தில் அவளுக்குத் தெரியாத முகமே இல்லை. வார்டில் அவளுக்கு ரேடியோ என்றே பெயர். யாராவது நடக்கிறீர்களா என்று கேட்டால் பதில் சொல்லாமல் போக அவளால் முடியாது, அது மரியாதை இல்லையாம். பேசிக்கொண்டே நடந்தாள், நடந்துகொண்டே மூச்சிரைத்தாள். கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் செக்யூரிட்டி அண்ணனின் முட்டிவலியை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் இன்னொரு வாட்டி பாக்கலாம். அதுலயும் இப்படின்னா டாக்டர் வேணாம்னுடுவாரு," என்று அப்போதே சொல்லியிருந்தாள் அக்கா.

நான் அம்மாவுக்கு நேர் எதிர். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கப் பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டவள். கடையில்கூட விரலால் காட்டித்தான் வாங்குவேன். நாக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாயா என்று அம்மா கேலி செய்வாள்.

மதியம் அவள் கண்ணயர்ந்ததும் தாழ்வாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போனேன். செக்யூரிட்டி அண்ணன், டீக்காரர், ஆக்சிஜன் சிலிண்டரோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாத்தா என்று ஒவ்வொருவரிடமும், அம்மா நடக்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன்.

"நீ பேசுவியா பாப்பா? நாங்க ஊமைன்னுல்ல நெனச்சோம்," என்றார் தாத்தா.

இப்போது அம்மா நடக்கத் தொடங்கினாள். நான் மறுமுனையில் அவள் உட்கார நாற்காலியோடு நின்றேன். யாரும் பேசவில்லை. பார்த்தால் பேச்சு வந்துவிடும் என்று பயந்தார்களோ என்னவோ, முகத்தையும் திருப்பிக்கொண்டார்கள். செக்யூரிட்டி அண்ணன் சுவரைப் பார்த்து நின்றார். டீக்காரர் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினார். தாத்தா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அப்படிச் செய்யச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவில்லை.

அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கால் தளர்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சில நாள் முன்பு பக்கத்துக் கட்டில் அக்காவுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, நாங்களும் இப்படித்தான் அவளைப் பார்க்காமல் இருந்தோம். அம்மாகூட அன்று பேசவில்லை.

நடுத் தாழ்வாரத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"என்னடி," என்றாள் அங்கிருந்தே. "டாக்டர் உன்கிட்ட எதுவும் சொன்னாரா? எல்லாரும் ஏன் இப்படி..."

மூச்சு வாங்கியது. கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, எண் இறங்குவதைக் கண்டு நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கினாள்.

"ஒண்ணும் சொல்லலம்மா." அத்தனை பேர் முன்னால் என் குரல் யாருடையதோ போலக் கேட்டது. "நான்தான் பேசாதீங்கன்னு எல்லார்கிட்டயும் போய்ச் சொன்னேன். நீயும் பேசாத. நட."

தாழ்வாரமே என் பக்கம் திரும்பியது. நீயா என்று கேட்க அம்மா வாயெடுத்தாள். எடுத்த வாயைச் சட்டென்று மூடிக்கொண்டாள். மூக்கால் மெல்ல மூச்சிழுத்து, காலை எடுத்து வைத்தாள்.

தாத்தா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். அவரைத் தாண்டும்போது அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, கிளிப் இல்லாத கையை லேசாக ஆட்டினாள். அவளுக்குப் பின்னால் அக்காவின் கை இன்னும் பாதி தூக்கியபடியே இருந்தது.