இடுப்பில் மஞ்சள் வளையம்

கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த குருசாமிக்குத் தவளைகளை நன்றாகத் தெரியும். ஆனால் பி.யு.சி. மாணவர்கள் அறுப்பதற்காக மெழுகுத் தட்டில் மல்லாத்தி வைத்த தவளைகளைத்தான். வயிற்றைப் பார்த்தால் பெயர், குலம், கோத்திரம் எல்லாம் சொல்லிவிடுவார். முதுகுப் பக்கம் அவ்வளவு பழக்கமில்லை.

அதனால்தான், புதூர்ப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பிய மனைவி கல்யாணசுந்தரி, தூக்குச்சட்டி மூடியைத் திறந்து, "கரிசக்காட்டு வெடிப்புக்குள்ள கெடந்துச்சு. உங்க புஸ்தகத்துல இது இருக்கா, பாருங்க" என்றபோது ஆடிப்போனார். சாம்பல் நிறத் தவளை; இடுப்பைச் சுற்றி, வரைந்து வைத்ததுபோல மஞ்சள் வளையம். எந்தப் புத்தகத்திலும் இல்லை. சந்தோஷத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தவளையை ஃபார்மலினில் போட்டு, கல்கத்தாவில் தவளைகளுக்குப் பெயர் வைக்கும் அலுவலகம் ஒன்றுக்குப் பார்சல் அனுப்பினார். புது இனம் என்று ஒத்துக்கொண்டால் மனைவி பெயரையே வைக்க வேண்டும் என்றும் எழுதினார். அதைக் கேட்டதும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். வெட்கம் என்று நினைத்தார்.

புரட்டாசிக் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், கோவப்படக் கூடாது" என்றாள். காய்ச்சல் விட்டதும் சொல்லலாம் என்று இவர் சொல்லிவிட்டார். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்தபின் கல்கத்தாவிலிருந்து பதில் வந்தது. தவளையில் மஞ்சள் எதுவும் தென்படவில்லை. உள்ளூர்த் தவளையா, வேறு இனமா என்பது ஐயத்துக்குரியது. இன்னொன்று கிடைத்தால் அனுப்பவும். நிறத்தை ஃபார்மலின் தின்றுவிட்டது என்று குருசாமி தீர்மானித்தார். இன்னொன்று மட்டும் கிடைத்துவிட்டால் அவள் பெயர் உலகத்தில் நிலைத்துவிடும். மழை பெய்தபோதெல்லாம் கரிசலில் கால் புதையப் புதைய அலைந்தார். மாணவர்கள் சிரித்தார்கள், அவர்களுக்கும் வேறு வேலை இல்லை.

மறுவருஷம் மழையே இல்லை. மாமியார் ஊரில் மழை வேண்டித் தவளைக் கல்யாணம் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டார். மூடநம்பிக்கை என்று அதுவரை அந்தப் பக்கமே போகாதவர், எப்படியும் தவளை பிடித்திருப்பார்களே என்று பஸ் ஏறினார்.

வேப்பமரத்தடியில் மாமியார் சுப்புத்தாய் பெண் தவளைக்குத் தாலி கட்டிக்கொண்டிருந்தாள். தவளைக்குக் கழுத்து கிடையாது. ஆகவே அரைத்த மஞ்சளில் தோய்த்த நூலை இடுப்பில் கட்டினாள். முடிச்சு சரியில்லையென்று அவிழ்த்தாள். நூல் இருந்த இடத்தில் மஞ்சள் வளையம் இருந்தது.

குருசாமி மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"போன தடவ கட்டுனது நம்ம சுந்தரிதான்" என்றாள் சுப்புத்தாய், நூலைச் சரிசெய்துகொண்டே. "பொறவு நூல அவுத்துட்டு, அவியகிட்ட வெளையாட்டுக் காட்டப் போறேன்னு தூக்குச்சட்டில போட்டுக் கொண்டுட்டுப் போனாள்லா. அடுத்த வாட்டி வந்தப்போ, அவிய ரொம்பச் சந்தோசமா இருக்காக, சொல்ல மனசு வரலம்மா, தீவாளிக்குள்ள சொல்லிருதேன்னா." அவள் கை நின்றது. "சொல்லலையா, மாப்ள?"

தவளை அவள் கையிலிருந்து நழுவி, தாலியோடு குருசாமியின் முழங்காலுக்கு அருகில் வந்து உட்கார்ந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"வெளையாட்டுக் காட்டப் போறேன்னு சொல்லயில எப்படிச் சிரிச்சா, அத்தை?"

சுப்புத்தாய் மகளைப் போலவே முந்தானையால் வாயைப் பொத்திக் காட்டினாள். சிரிப்பு வரவில்லை. பொத்திய கையை எடுக்கவும் முடியவில்லை.