பக்கத்தில் ஆர் நிற்கினம்

அப்பா நீக்கிலாப்பிள்ளையின் தாடையைச் சேர்த்து வேரோனிக்கா வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது ரெலிபோன் அடித்தது. ஞாயிறு பூசை முடிகிற நேரம். ஞாயிறு தவறாமல் இந்நேரம் எடுக்கிற தம்பி அன்புராசாவாகத்தான் இருக்கும்.

"எடுத்த எடுப்பிலை சொல்லிப்போடாதை பிள்ளை," என்றா கீழ்வீட்டுக் கிளடிஸ் அன்ரி. "ஆரையும் பக்கத்திலை அனுப்பிப்போட்டுத்தான் செத்தவீடு சொல்லவேணும்."

நல்ல வழக்கந்தான். ஆனால் ஆரை அனுப்புவது? தமிழ்ச்சனம் நிறைந்த இந்த மல்வேர்ன் என்றால் கதவைத் திறக்கமுன்னம் பத்துச்சனம் வந்து கட்டிப்பிடித்து அழும். தம்பியோ தொண்ணூறில் ஊரைவிட்டு வெளிக்கிட்டவன், இன்ஸ்புறூக் நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில் பணக்காரர் குடியிருக்கிற பக்கத்தில், ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டு கிடக்கிறான். அந்த மலையில் தமிழ் பேச இன்னொரு சீவன் இல்லை. அகதி அட்டையோடு இங்கே வரவும் ஏலாது. அவள் றிசீவரை எடுத்தாள்.

"அக்கா, ஸ்னோ கொட்டுது. இதிலை நிண்டு பாத்தா கீழை ரவுண் முழுக்க லைற். அப்பாவைக் கூப்பிடுங்கோ, சொல்லவேணும்."

"பக்கத்திலை ஆரும் நிக்கினமோடா?"

அம்மா செத்த அன்றும் அக்கா முதலில் இதைத்தான் கேட்டிருந்தாள்.

"இந்த மலையிலை எனக்கு ஆரக்கா நிக்கப்போயினம்? சொல்லுங்கோ. அப்பா போயிட்டாரோ?"

"ஓம் ராசா. இப்பத்தான்." பாழாய்ப்போன வாய். "அழாதை. நான் நிக்கிறன். அக்கா நிக்கிறன்தானே, போனை வைச்சிடாதை."

"போன் காட் முடியப்போகுது அக்…"

லைன் அறுந்துபோயிற்று.

திருப்பி எடுக்க நம்பர் இல்லை. அவன் எடுத்தது ரோட்டோரத்துப் பெட்டிப் போன். ஹோட்டலின் பெயரைக்கூட அவள் ஒருநாளும் கேட்டு வைக்கவில்லை. எப்போதும் அவன்தானே எடுப்பான். ஐயோ, இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை.

"பிள்ளை, பியூனரல் ஹோமுக்கு அடிக்கவேணும். பாதருக்கும் சொல்லவேணும். உந்தப் போனை இஞ்சை தா."

"ஒருத்தரும் தொடக்கூடாது! அவன் எடுக்கேக்கை எங்கேஜ் அடிக்கும்."

"எவ்வளவு நேரத்துக்கு உந்த மனுசனை உப்பிடியே வைச்சிருக்கிறது?"

வேரோனிக்கா போனைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். கிளடிஸ் அன்ரி தன்வீட்டுப் போனில் அடிக்கப் படியிறங்கிப் போனா.

பின்னேரமாகியும் அவன் எடுக்கவில்லை. லைன் செத்துவிட்டதோ என்று அவள் றிசீவரைத் தூக்கிக் காதில் வைத்தாள். இரைச்சல் கேட்டது. அந்தக் கணத்தில் அவன் எடுத்தால் என்று பயந்து சட்டென வைத்தாள்.